கூலன்ட் வேலை முடிந்ததும் மிஸ்ஸிங்: எஞ்சினில் எங்கே பார்ப்பது?

வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, அல்லது ஹீட்டர் ஹோஸ் மாற்றியாயிற்று. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஊற்றி, மூடியை இறுக்கி, வண்டியை வெளியே எடுத்தால் எஞ்சின் திணறுகிறது. மீட்டரில் எஞ்சின் விளக்கு வேறு எரிகிறது. விஷயத்தை யாரிடம் சொன்னாலும் இரண்டு தீர்ப்பில் ஒன்று கிடைக்கும். ஒரு தரப்பு "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்" என்று பயமுறுத்தும். இன்னொரு தரப்பு "எட்டு காயிலையும் மாத்திரு, சரியாயிடும்" என்று செலவு வைக்கும் (காயில் என்பது பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்).

இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒன்றையும் பார்க்காமல் சொன்ன தீர்ப்புகள் அவை. நேற்று வரை ஒழுங்காக ஓடிய எஞ்சின் இன்று மிஸ் ஆகிறது என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே கை பட்ட இடம் எது, கூலன்ட் கொட்டிய இடம் எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்கு மிஸ்ஸிங் எப்படி நடக்கிறது, எஞ்சின் கம்ப்யூட்டர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்கச் சாலைகளில் இன்றும் ஏராளமாக ஓடும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், அதில் 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 பெட்ரோல் எஞ்சின். 1997 முதல் 2010 வரை இந்த எஞ்சின் எஃப்-150இல் வந்தது. முதலில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, 2004இல் வந்த புது மாடலிலிருந்து மூன்று வால்வு. இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டு வால்வு எஞ்சினைப் பற்றி. கூலன்ட் போகும் பாதையும் தீப்பொறிக்கான பாகங்களும் அதில் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடைக்காது.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

ஒரு சிலிண்டருக்குள் எரிதல் நடக்க மூன்று விஷயம் வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவை நன்றாக அழுத்தப்பட வேண்டும். சரியான நொடியில் தீப்பொறி வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த முறை அந்தச் சிலிண்டர் எரியாது, அல்லது அரைகுறையாக எரியும். அதுதான் மிஸ்ஸிங், அதாவது மிஸ்ஃபயர்.

எட்டு சிலிண்டர் எஞ்சினில் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரியும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்தால் நொடிக்கு 10 சுற்று, 40 எரிதல். அதில் ஒரு சிலிண்டர் செத்துப்போனால் நொடிக்கு ஐந்து முறை ஓர் இடைவெளி விழும். ஸ்டியரிங்கில் கை வைத்தால் தெரியும் அந்த 'தட்-தட்-தட்' நடுக்கம் இதுதான்.

கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் முக்கியம், ஏனென்றால் குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் சக்கரத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியும்போது கிராங்க் ஒரு துளி வேகம் எடுக்கும். எரியாவிட்டால் ஒரு துளி தளரும். அந்த நேரத்தில் யார் முறை என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும், அதனால் அந்தச் சிலிண்டரின் பேரில் ஒரு கணக்கு எழுதிக்கொள்ளும். கணக்கு எல்லை தாண்டினால் ஒரு கோடு (code), அதாவது பழுதின் குறியீட்டு எண், பதிவாகும்.

பி0304 என்று வந்தால் நான்காம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பொருள். பி0301 முதல் பி0308 வரை, கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் ஒன்றிரண்டு என்று குறிப்பிட முடியாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி நடக்கிறது. கவனியுங்கள், கம்ப்யூட்டர் பார்த்தது கிராங்க் தளர்ந்ததை மட்டுமே. தீப்பொறியையோ காயிலையோ கேஸ்கட்டையோ அது பார்க்கவில்லை. கோடு ஆளைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. பி0304 வந்ததும் நேரே கடைக்குப் போய் ஒரு காயில் வாங்குவது சீட்டு எடுப்பதற்குச் சமம்.

எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு எரிந்தால் மட்டும் யோசிக்காமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, அது பழுக்கக் காய்ந்து உருகிவிடக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது. கன்வர்ட்டர் விலை, நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பழுதின் விலையைவிட அநேகமாக அதிகம்.

தீப்பொறி ஏன் வழி மாறுகிறது?

இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனித்தனி காயில். காயில் என்பது பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றித் தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு நீளமான ரப்பர் குழாய், உள்ளே ஸ்பிரிங். இதை பூட் என்பார்கள். பிளக் இருப்பதோ சிலிண்டர் ஹெட்டில் ஆழமான ஒரு குழிக்குள். காயிலைக் கழற்றி எட்டிப் பார்த்தால் பிளக்கின் வெள்ளைத் தலை கீழே தூரத்தில் தெரியும்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது உடனே புரியும். வாய்க்காலில் தண்ணீர் ஏறி மடையின் விளிம்பைத் தொட்டால்தான் வயலுக்குள் பாயும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால், மடை உயரத்துக்குத் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அந்த வளை வழியாகப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். மடையில் எந்தக் குறையும் இல்லை, மோட்டாரிலும் குறையில்லை, ஆனாலும் நம் வயல் காய்கிறது.

காயிலில் ஏறும் வோல்ட்டேஜ்தான் அந்தத் தண்ணீர். பிளக் முனையில் உள்ள இடைவெளிதான் மடை. வோல்ட்டேஜ் போதுமான அளவு ஏறினால்தான் அந்த இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி வரும். பூட்டில் ஒரு விரிசல், அல்லது பிளக்கைச் சுற்றிக் கூலன்ட் ஈரம் இருந்தால், அதுதான் நண்டு வளை. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் துருத்தடுப்பு உப்புகளும் கலந்தது, மின்சாரம் கடத்தும். வோல்ட்டேஜ் முழுதாக ஏறுவதற்கு முன்பே ஈரத்தின் வழியாகக் குழியின் அலுமினியச் சுவருக்கோ பிளக்கின் உலோக உடலுக்கோ தாவிவிடும். சிலிண்டருக்குள் தீப்பொறி இல்லை.

ஐடிலிங்கில் நன்றாக ஓடுகிறது, மேட்டில் ஏறும்போது மட்டும் உதறுகிறது என்று சொல்வார்களே, அதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் நுழையும், அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். மடையை உயர்த்திவிட்டோம், வளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. 40–50 மைல் வேகத்தில், மேல் கியரில், லேசான ஏற்றத்தில் வண்டி சொரசொரப்பான ரோட்டில் போவதுபோல் நடுங்கினால் பலரும் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். டிரைட்டன் எஞ்சினில் முதலில் காயிலும் பூட்டும்தான் சந்தேக வட்டத்தில் வர வேண்டும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க இரண்டே விஷயம்: கோடு சொல்வது சிலிண்டர் எண்ணை மட்டும், ஈரமான பிளக் குழி, நல்ல காயிலையும் கெட்ட காயிலைப்போல் காட்டும்.

கூலன்ட் எப்படி அந்தக் குழிக்குப் போகிறது?

ஃபோர்டு தன் வி8 எஞ்சினில் சிலிண்டர்களை எண்ணும் முறை: பயணி பக்கம் (அமெரிக்க வண்டியில் வலது) முன்னாலிருந்து பின்னால் 1, 2, 3, 4, டிரைவர் பக்கம் அதேபோல் 5, 6, 7, 8. ஆக நான்காம் சிலிண்டர் பயணி பக்கத்தில் கடைசியாக, டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள இரும்புத் தடுப்போடு ஒட்டி, இருட்டில் இருக்கிறது. ஹீட்டருக்குச் சுடுநீர் கொண்டுபோகும் ஹோஸ்களும் அந்த மூலை வழியாகத்தான் போகின்றன. ஹீட்டர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே மிச்சமிருக்கும் கூலன்ட் கொட்டினாலும், புதிதாக மாட்டிய கிளாம்ப் சரியாக இறுகாமல் சொட்டினாலும், அது விழும் இடம் மூன்றாம், நான்காம் சிலிண்டர் குழிகளின் பக்கம். இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் மத்தியில் பி0304 ஒரு பழகிய எண்ணாக இருப்பதற்கு இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

முன்பக்கம் வேறு கதை. சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடு, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டின் முன்பகுதியில், மேலேயே இருக்கிறது. அதைத் திறந்தால் கூலன்ட் இரண்டு பக்கமும் வழியும். அருகிலேயே ஆல்டர்னேட்டர். அதன்மேல் கூலன்ட் கொட்டினால் சார்ஜிங் கெடலாம், கெட்டால் எட்டு காயிலுக்கும் சேர்த்து மின்சாரம் குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை, பி0300 வந்தவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் எஞ்சினைப் பைப் வைத்துக் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு. கொட்டிய கூலன்ட் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தத் தண்ணீரும் அதே குழிகளில்தான் தேங்கும். கூலன்ட் கொட்டாமல் வேலை செய்த நல்ல மெக்கானிக்கின் வண்டிகூடக் கழுவியதால் மிஸ் ஆவதுண்டு.

குழியைத் திறந்து பார்ப்பது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கோடு காட்டும் சிலிண்டரின் காயில் கனெக்டரைக் கழற்றி, காயிலைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டை 7 மி.மீ. சாக்கெட்டால் எடுத்து, காயிலை லேசாகத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். நேரே பிடித்து இழுத்தால் பழைய பூட் பாதியில் அறுந்து கீழே தங்கிவிடும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். குழியின் அடியில் பச்சையோ மஞ்சளோ பளபளத்தால் பதில் கிடைத்துவிட்டது. காய்ந்துபோயிருந்தாலும் தடயம் இருக்கும்: சுவரில் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ ஒரு படிவு, பிளக்கின் ஆறுமுக உலோகப் பகுதியில் துரு, மூக்கை அருகில் கொண்டுபோனால் ஒருவிதத் தித்திப்பான வாசனை. வெறும் எண்ணெய் மட்டும் இருந்தால் அது வால்வு கவர் கேஸ்கட் கசிவு, வேறு விவகாரம்.

இப்போது கை பரபரக்கும், பிளக்கைக் கழற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். குழியில் நிற்கும் அத்தனையும் பிளக் வந்த மறுநொடி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் கம்ப்ரஸர் காற்றால் ஊதி வெளியேற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், குழியில் கிடக்கும் மணலும் கூலன்ட்டும் நேரே முகத்துக்குத்தான் வரும். நிறைய நின்றால் ஒரு மெல்லிய குழாயை ஊசிமருந்துக் குழலில் செருகி உறிஞ்சி எடுத்துவிட்டு ஊதலாம்.

பிறகு பூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு மெல்லிய கருப்பு வரி நீளவாக்கில் தெரிந்தால், தீப்பொறி அந்த வழியாகப் பலமுறை தாவியிருக்கிறது. கரி படிந்த அந்தப் பாதைக்கு கார்பன் டிராக் என்று பெயர். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் இதேபோன்ற வரி இருக்கலாம். பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை தெரிந்தால் பதற வேண்டாம், நன்றாக ஓடும் பிளக்கிலும் அது வரும். வட்டக் கறை பரவாயில்லை, நெடுக்கு வரிதான் ஆபத்து.

கார்பன் டிராக் விழுந்த பூட்டைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. கரியே மின்சாரம் கடத்தும், ஈரம் காய்ந்த பிறகும் அந்த வழி திறந்தேதான் இருக்கும். "ரெண்டு நாள் ஓட்டினா காஞ்சிரும்" என்ற ஆலோசனை சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். வரி விழுவதற்கு முன் காய்ந்தால் பிழைத்தது, விழுந்த பின் காய்ந்தால் இல்லை. பூட்டைத் தனியாக வாங்கலாம், காயிலோடு சேர்த்து மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பிளக்கில் வரி இருந்தால் பிளக்கும் புதிது. மாட்டும்போது பூட்டின் வாய்க்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரம் கடத்தாத சிலிக்கோன் பசை, மெல்லியதாகத் தடவினால் ஈரம் ஏறாது.

பிளக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு வால்வு எஞ்சினின் அலுமினிய ஹெட்டில் பிளக்கைப் பிடிக்கும் மரை மிகக் குறைவு. பிளக் ஹெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்த சம்பவங்களுக்குப் பேர்போன எஞ்சின் இது. முதலில் கையால் மட்டும் திருகி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்து கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மூன்று வால்வு எஞ்சினின் பழைய பிளக்குகளோ கழற்றும்போது இரண்டு துண்டாக உடைந்து கீழ்ப்பகுதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றவே ஃபோர்டு தனியாக ஒரு முறை வெளியிட்டது. அதைப் படிக்காமல் அந்தப் பிளக்கில் கை வைக்காதீர்கள்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

குழி காய்ந்துதான் இருக்கிறது, வரியும் இல்லை. சரி, அப்புறம்?

நான்காம் சிலிண்டரின் காயிலைப் பூட்டோடு எடுத்து இரண்டில் மாட்டி, இரண்டில் இருந்ததை நான்கில் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0304 போய் பி0302 வந்தால், பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது: காயில் அல்லது பூட்தான் குற்றவாளி. பி0304 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வயரிங், சிலிண்டரின் அழுத்தம் (கம்ப்ரஷன்) என்று போக வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் வண்டி சரியாகலாம், எதனால் சரியானது என்று தெரியாது.

கோடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியும் ஃபோர்ஸ்கேன் போன்ற செயலியும் இருந்தால் சிலிண்டர்வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பார்க்கலாம். விளக்கு எரியும் அளவுக்கு வராத மிஸ்ஸிங்கும் அதில் தெரியும். கோடு விழுந்த கணத்தின் வேகம், சூடு, எஞ்சின் சுமை எல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பெயரில் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும் என்பதால் முதலில் குறித்துக்கொண்டு பிறகு அழியுங்கள்.

மாட்ட மறந்ததும் அசைந்ததும்

வேலைக்காக ஏர் ஃபில்டர் குழாயையோ இன்டேக்கையோ கழற்றியிருந்தால் வேக்வம் ஹோஸ் ஒன்று மாட்டாமல் விட்டிருக்கலாம். எஞ்சின் இழுக்கும் காற்று கணக்கில் வராமல் வேறு ஓட்டை வழியாக நுழைவதுதான் வேக்வம் லீக். கலவையில் பெட்ரோல் குறைந்து ஐடிலிங்கில் மிஸ் ஆகும், வேகத்தில் குறையும். மேட்டில் மட்டும் வரும் தீப்பொறிப் பழுதுக்கு நேர் எதிர். கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 கோடுகள் கூடவே வந்தால் சந்தேகம் வலுக்கும். காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடிக்குப் பின்னால், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸின் ரப்பர் முழங்கை வயதானால் மிருதுவாகி வெடித்துவிடும், கை பட்டாலே கிழியும். அதைத் தடவிப் பாருங்கள்.

ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய் ஒன்று இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடுகிறது. அதை மாற்றியிருந்தால் இன்டேக்கையே தூக்கியிருப்பார்கள். அப்போது எட்டு இன்ஜெக்டர் கனெக்டர், எட்டு காயில் கனெக்டர், எர்த் வயர் எல்லாம் கழன்று மாட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் 'டிக்' என்று பூட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் சோதனை. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மிஸ்ஸிங் போலத் தெரியும், மிஸ்ஸிங் அல்ல

இது பலருக்கும் தெரியாத ஒன்று. தெரியாததால் நல்ல காயில்கள் குப்பைக்குப் போகின்றன.

கூலன்ட்டைப் புதிதாக நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். ஏர் லாக் என்பார்கள். காற்று நிற்கும் இடத்தில் கூலன்ட் ஓடாது, அங்கே ஹெட் கொதிக்கும். பல ஆண்டு மாடல்களில் ஃபோர்டு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்கிறது, பெயர் ஃபெயில்-சேஃப் கூலிங். ஹெட்டின் உலோகத்திலேயே பதித்த ஒரு சென்சார் சூடு எல்லை மீறியதைச் சொன்னதும், கம்ப்யூட்டர் சில சிலிண்டர்களுக்குப் பெட்ரோலை வேண்டுமென்றே நிறுத்திவிடும். பெட்ரோல் இல்லாத சிலிண்டர் வெறும் காற்றை இழுத்துத் தள்ளி எஞ்சினை ஆற்றும். எந்தச் சிலிண்டருக்கு நிறுத்துவது என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஓட்டுகிறவருக்கு இது எப்படி இருக்கும்? இழுவை பாதியாகக் குறைந்து எஞ்சின் கன்னாபின்னாவென்று உதறும். பயங்கரமான மிஸ்ஸிங் என்றுதான் எவரும் சொல்வார். ஸ்கேன் செய்தால் பி1285, பி1299 என்ற கோடுகள் வந்திருக்கும். முதலாவது ஹெட் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்கிறது. இரண்டாவது, அதனால் பாதுகாப்பு ஏற்பாடு வேலையைத் தொடங்கிவிட்டது என்கிறது. இவை இருந்தால் காயிலைத் தொடவே வேண்டாம், சூட்டுக்குக் காரணம் தேடுங்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் எஞ்சின் ஒரு கட்டத்தில் தானே நின்றுவிடும்.

ஏர் லாக்குக்கு அடையாளம்: எஞ்சின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்காற்று, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் சூடு, டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளக்கும் சத்தம். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட விட்டு, முழுக்க ஆறிய பின் டப்பாவில் குறித்த அளவுவரை நிரப்ப வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைத் திரும்பச் சொல்வதில் தவறில்லை.

தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் மிஸ் ஆகுமா என்று கேட்பார்கள். எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், பி0128 வரும். அதனால் மட்டுமே மிஸ் ஆவது அபூர்வம்.

ஹெட் கேஸ்கட்டை எப்போது நம்புவது?

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு. எரிதலின் அழுத்தம், கூலன்ட், ஆயில் மூன்றையும் கலக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. கூலன்ட் வேலை எதற்காகப் பார்க்கப்பட்டது என்பதே இங்கே பாதி பதில். வண்டி கொதித்துப் போய், அதனால் வாட்டர் பம்ப் மாற்றியிருந்தால், கேஸ்கட் அந்தக் கொதிப்பிலேயே கெட்டிருக்கலாம். வேலை பார்த்தவர்மேல் தப்பில்லை. கொதிக்கவே இல்லை, சொட்டிய ஹோஸை மட்டும் மாற்றினார்கள் என்றால் கேஸ்கட் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும்.

கேஸ்கட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்தால் அது தன் அடையாளங்களோடுதான் வரும். இரவெல்லாம் நின்று காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் திணறும், ஒரு நிமிடத்தில் சரியாகும். சைலன்ஸரில் வரும் வெள்ளைப் புகை, எஞ்சின் சூடான பின்னும் அடங்காது, இனிப்பு வாசனை அடிக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வரும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே, சூடேறுவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். எட்டுப் பிளக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் அநியாயத்துக்குச் சுத்தமாக இருக்கும்.

இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தால் சோதனைக்குப் போகலாம். எளிதானது பிளாக் டெஸ்டர். ஒரு நீலத் திரவத்தின் வழியாகக் கூலன்ட் டப்பாவின் மேல் நிற்கும் காற்றை இழுப்பார்கள். எரிதலில் உண்டாகும் கார்பன் டைஆக்ஸைடு அதில் இருந்தால் திரவம் மஞ்சளாகும். இன்னொன்று அழுத்தச் சோதனை: எஞ்சின் ஆறியிருக்கும்போது கைப் பம்பால் கூலன்ட் பாதைக்கு மூடியில் குறித்த அழுத்தம் கொடுத்து, சில மணி நேரம் விட்டு, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கி, வெளியே ஈரமும் இல்லையென்றால் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் ரிலேயையும் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றினால் குற்றவாளிச் சிலிண்டர் கூலன்ட்டைத் துப்பும். குனிந்து குழிக்குள் பார்த்துக்கொண்டு சுற்றச் சொல்லாதீர்கள்.

சிலிண்டரில் கூலன்ட் நிறைந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தபின் பிளக்கைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்வதுதான் இந்தக் கதையிலேயே பெரிய விலை. திரவம் அழுந்தாது. பிஸ்டன் அதை அழுத்தப் போய்க் கனெக்டிங் ராடு வளையும். கேஸ்கட் செலவோடு போக வேண்டியது எஞ்சின் செலவாகிவிடும்.

இந்தச் சோதனைகளில் எதிலும் ஒன்றும் தெரியவில்லை, குழியில் மட்டும் கூலன்ட் நின்றது என்றால் ஹெட்டைத் திறக்க வேண்டாம். குழியைக் காய வைத்து, பூட்டும் பிளக்கும் மாற்றியாயிற்றா? சொட்டிய கிளாம்ப்பை இறுக்கி, அதன் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் செருகிவிட்டு, 45 மைல் வேகத்தில் மேல் கியரில் ஒரு நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஓட்டுங்கள். செயலியில் நான்காம் சிலிண்டர் எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது காகிதம் நனைந்திருந்தால் கிளாம்ப்பை மறுபடி கழற்றி ஹோஸின் முனையைப் பாருங்கள்; பழைய ஹோஸாக இருந்தால் முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புது கிளாம்ப் போடுங்கள்.